எந்தக் களத்திலும் நிற்கும்

எதிர் வரிசைப் பையன் வெஜிடபிள் பப்ஸை வைத்துத் தின்றுகொண்டிருந்தது பரஞ்சோதி கொடுத்த துண்டுப்பிரசுரத்தின் மேல். வழவழப்பான தாள் என்பதால் எண்ணெய் உடனே ஊறவில்லை, தயங்கித் தயங்கி ஓடி, தலைப்பைத் தாண்டி, ரோபோவின் படத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. படிக்காமலே வைத்தானா, படித்துவிட்டு வைத்தானா. படித்துவிட்டு வைத்தான் என்றால் பரவாயில்லை, படித்து முடித்த பேப்பரில்தானே கடைக்காரர் வடை கட்டித் தருகிறார், அதனால் செய்தி பொய்யாகிவிடுமா. ஆனால் அந்தப் பையன் வாங்கும்போதே தாளைப் பார்க்கவில்லை, வேறு யாரையோ பார்த்துக்கொண்டே கையை நீட்டினான், கோயிலில் விபூதிக்குக் கையை நீட்டுகிற மாதிரி. கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் உள்விளையாட்டரங்கம் அது. பள்ளி மாணவர்களின் ரோபோ போட்டி, எதிரணி தடுக்கத் தடுக்கப் பந்து போடுகிற ஆட்டம். காலை ஆட்டங்கள் முடிந்து சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு அணிக்கும் நாடா கட்டி இடம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த ‘கரிசல்’ அணியின் இடத்தில் பரஞ்சோதி மட்டும் நின்றான். மற்றவர்கள் எலுமிச்சைச் சாதம் வாங்கப் போயிருந்தார்கள். யாராவது ஒருத்தர் நின்று தாள் கொடுக்க வேண்டும், அது அவன் வேலை. சாப்பாட்டுக்கு அப்புறம் கூட்டணித் தேர்வு. முன்னால் நிற்கிற எட்டு அணிகள் ஆளுக்கு இரண்டு அணிகளைக் கூப்பிட்டுத் தங்களோடு சேர்த்துக்கொள்ளும், அவர்கள்தான் சாயங்கால ஆட்டங்களுக்குப் போவார்கள். கூப்பிடப்படாதவர்கள் ரோபோவை வேனில் ஏற்றிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போகலாம். கரிசல் பட்டியலில் நடுவில் எங்கேயோ கிடந்தது. யாராவது கூப்பிட்டால்தான் உண்டு. கூப்பிட வைப்பதற்குத்தான் தாள்.

தாளை அவன்தான் எழுதினான், அவன்தான் கட்டம் போட்டு அமைத்தான், சிவகாசிக்குப் பஸ் ஏறிப் போய் அச்சகத்தில் நின்று வாங்கி வந்ததும் அவன்தான். கறுப்புத் தரையில் வெள்ளை எழுத்து. கரிசல் மண் கறுப்பு, அதனால் தாளும் கறுப்பு. பொங்கல் விடுமுறை முழுக்க ஒவ்வொரு வாக்கியமாக அடித்து அடித்து எழுதினான், எழுதும்போது அவனுக்குள் எதுவும் ஒட்டிக்கொள்வதில்லை. ‘ப’ தாராளமாக வரும், ‘க’ தாராளமாக வரும், பந்து, பலம், களம், கூட்டணி, எல்லாம் பேனா முனையில் வந்து வரிசையாக இறங்கும். வாய் வழியாக வரும்போதுதான் வம்பு. உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பின்னால் காற்று வந்து முட்டும், கண் தானாக மூடிக்கொள்ளும், எதிரில் நிற்பவர் முகத்தில் ஒரு பதற்றம் வரும், அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் கண் மூடுகிறதோ என்னவோ. எல்லா எழுத்துக்கும் இல்லை. அ, இ, வ, ந எல்லாம் நல்ல பிள்ளைகள். அதனால் ஹோட்டலில் பரோட்டா ஆசையாக இருந்தாலும் இட்லி என்பான். பசுவந்தனையில் அத்தை வீடு. கண்டக்டரிடம் அந்த ஊர்ப் பெயர் வராமல், முந்தின நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி இறங்கி வெயிலில் நடந்து போயிருக்கிறான். அத்தை, ஏன்டா வேர்த்து வழியுது, பஸ் வரலையா என்று கேட்டாள், ஆமாம் என்றான். ஆமாம் எளிது. வாழ்க்கையில் பாதி விஷயங்களுக்கு அவன் ஆமாம் என்று சொன்னது அது எளிதாக இருந்ததால்தான். அணிக்குப் பெயர் வைக்கும்போது எல்லாரும் கரிசல் என்றார்கள், அவன் ‘வானவில்’ என்று வைக்கலாமே என்று சொல்ல நினைத்து, நல்லா இருக்கா என்று கேட்டதற்கு ஆமாம் என்றான். சொந்தப் பெயரும் வராது, அணியின் பெயரும் வராது. ஆனால் தாளில் இரண்டும் இருக்கிறது, பெரிய எழுத்தில். வருகிறவர்கள் கேட்பார்கள், அவன் நீட்டுவான், தாள் பேசிக்கொள்ளும்.

தாள் வருவதற்கு முன்னால் அவனுக்காகப் பேசியது ஜெபக்கனி அக்கா. பன்னிரண்டாவது படிக்கிறாள், அணியின் தலைவி, பரஞ்சோதிக்கு ஒரு வருடம் மூத்தவள். அவன் உதடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவுடன் அந்த வார்த்தையை அவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள், கிணற்றடியில் குடத்தைக் கைமாற்றி வாங்குகிற மாதிரி, அலுங்காமல். எட்டாம் வகுப்பிலிருந்து அப்படி. பத்துக்கு எட்டு தடவை சரியான வார்த்தையைத்தான் எடுத்துக் கொடுப்பாள். மீதி இரண்டு தடவை அவன் சொல்ல வந்தது வேறாக இருக்கும், ஆனால் அதற்குள் பேச்சு அவள் கொடுத்த வார்த்தையின் மேல் ஏறிப் போய்விட்டிருக்கும், நிறுத்தி, இல்லக்கா, நான் சொல்ல வந்தது அது இல்லை என்று திருப்பிக் கொண்டுவர எவ்வளவு பாடு, விட்டுவிடுவான். அப்படி விட்ட வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின. அவற்றைச் சேர்த்து வைத்தால் அவனைப் போலவே இன்னொருத்தன், அவனுக்குத் துளியும் ஒத்துப்போகாத இன்னொருத்தன், எழுந்து உட்காருவான் என்று தோன்றியது. அக்காவைக் குறை சொல்ல முடியாது. அன்பு இல்லாதவர்கள் சிரிப்பார்கள், அன்பு உள்ளவர்கள் முடித்து வைப்பார்கள், இந்த இரண்டு பேரைத் தவிர மூன்றாவது ரகத்தை அவன் பார்த்ததில்லை. அம்மாவும் முடித்து வைக்கிறவள்தான். அக்காவுக்கு இது கடைசிப் போட்டி. ஜூன் மாதம் அவள் ஏதாவது ஒரு கல்லூரிக்குப் போய்விடுவாள். மாரிச்செல்வம் இருப்பான், ரோபோவை ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் பொறுமை கிடையாது, பரஞ்சோதி ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் ரிமோட்டைத் தட்டுகிற மாதிரி தொடையைத் தட்டுவான். இப்போதே ஊருக்குத் திரும்பினால் அக்காவோடு ஆடுவது இத்தோடு முடிந்தது. யாராவது கூப்பிட்டால் சாயங்காலம் வரைக்கும் இழுக்கலாம்.

பக்கத்து இடத்தில் சென்னை அணி. அவர்களிடம் தாள் மட்டுமா, சாவிக்கொத்து, கைப்பட்டை, சாக்லேட், ரோபோ படம் போட்ட பேட்ஜ், ஓடுகிற விளக்கெழுத்து. நான்கு பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையில் நின்று, வாங்க வாங்க, எங்க ரோபோவைப் பார்த்துட்டுப் போங்க என்று கூப்பிட்டார்கள். கூட்டம் அங்கே மொய்த்து, சாக்லேட்டைப் பிரித்தபடியே அவனைக் கடந்து போனது. அவன் கையை நீட்டினான். சிலர் வாங்கினார்கள். வாங்கியவர்கள் விசிறிக்கொண்டார்கள், அரங்கில் புழுக்கம். கறுப்புத் தாள்கள் அங்கங்கே முகங்களுக்கு முன்னால் ஆடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் கரிசலை ஆதரிக்கிற மாதிரித்தான் இருந்தது. சுடலைமுத்து சார், இயற்பியல் வாத்தியார், காலையில் வேனில் வரும்போதே சொன்னார், கூட்டணி என்றாலே கடைசி நிமிஷப் பேரம்தான், எங்க ஊர்ல எத்தனை எலெக்‌ஷன் பார்த்திருக்கேன், நோட்டீஸ் குடுக்காம எவன் ஜெயிச்சான் என்று. நோட்டீஸ் கொடுத்துத் தோற்றவர்களைப் பற்றி சார் சொல்லவில்லை. தாளின் அடியில், எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில், பரஞ்சோதி எழுதியிருந்தது, ‘எந்தக் களத்திலும் நிற்கும்.’ எழுதும்போது மார்பு நிமிர்ந்த வாக்கியம். காலையில் மூன்றாவது ஆட்டத்தில் ரோபோ நடுக்களத்தில் அசையாமல் நின்றுவிட்டபோது அந்த வாக்கியம் அவன் மனசுக்குள் திரும்பிப் படுத்தது. நிற்கும். நிற்கும் என்றால் உறுதியாக நிற்கும் என்றும் சொல்லலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும் என்றும் சொல்லலாம். அப்போதிருந்து கொடுக்கிற ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரு சொல் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இடது சக்கரத்து மோட்டார் சூடேறினால் நின்றுவிடுகிறது, ஊரிலேயே தெரியும், மாற்று மோட்டார் வந்து சேரவில்லை. யாராவது கேட்டால், பாதுகாப்புக்காக நாங்களே நிறுத்தினோம், அது ஒரு உத்தி என்று சொல்லுங்க என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். பரஞ்சோதியைப் பார்த்து மட்டும், நீ பேப்பரைக் குடு, போதும் என்றாள்.

அந்தப் பெண் வந்தபோது அவன் மேசைமேல் தாள்களை நேராக அடுக்கிக்கொண்டிருந்தான். கழுத்தில் தொங்கிய அட்டையில் நிலோஃபர் என்றும், ஆம்பூர் என்றும் இருந்தது. ஆம்பூர் அணி ஏழாவது இடத்தில் இருந்தது, கூப்பிடுகிற எட்டுப் பேரில் ஒன்று. வணக்கம் என்று சொல்லி, ‘வ’ நல்ல பிள்ளை, தாளை நீட்டினான். அவள் வாங்கினாள், முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், உண்மையிலேயே படித்தாள். படித்துவிட்டு, கையிலிருந்த எழுதுபலகையின் அடியில் செருகினாள். அங்கே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஏற்கெனவே ஒரு கற்றை இருந்தது. “நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். “எல்லா டீமும் நல்லாத்தான் எழுதியிருக்காங்க. எதுலயும் குறைன்னு ஒண்ணு இல்ல. அதனால நாங்க நேர்ல கேட்டுட்டு இருக்கோம். மூணாவது மேட்ச்ல உங்க ரோபோ நடுவுல நின்னுச்சே, நீங்களா நிறுத்தினீங்களா?” அவன் வாய் திறந்தான். பாதுகாப்பு. சொல்லித் தந்த வார்த்தை தயாராக இருந்தது, உதடு ஒட்டிக்கொண்டது. காற்று முட்டியது. கண் மூடிக்கொண்டது. இருட்டுக்குள் சென்னை அணியின் சிரிப்புச் சத்தம், எங்கேயோ ஒரு துளையிடும் இயந்திரம் சுற்றுகிற சத்தம், எலுமிச்சைச் சாதத்தின் மணம். இப்போது அவள் முடித்து வைப்பாள், பாதுகாப்புக்கா, பரிசோதனைக்கா, ஏதோ ஒன்று, எதுவாக இருந்தாலும் தலையாட்டிவிடலாம். அவளிடமிருந்து வார்த்தை வரவில்லை. அல்லது போய்விட்டிருப்பாள், அப்படியும் நடந்திருக்கிறது, ஒருமுறை கண்ணைத் திறந்தபோது எதிரில் ஆளே இல்லை. கண்ணைத் திறந்தான். நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பதற்றம் இல்லை, இரக்கம் இல்லை, பேனா மூடியைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டு, ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்கிற மாதிரி நின்றாள். அந்த வார்த்தையை அப்படியே கீழே போட்டான். “இடது சக்கரம்” என்றான். “மோட்டார் சூடானா நின்னுடும்.” அவள் எழுதினாள். “எவ்வளவு நேரத்துல?” ஒன்றரை நிமிஷம் ஓடும் என்றான், அதுவரை அதை யாராலும் நகர்த்த முடியாது, எங்க ரோபோ எடை அதிகம், எதிரி வழியை அடைத்து நின்றால் நின்றதுதான், பந்து போடுவதில் சுமார்தான். இவ்வளவும் ஒரே மூச்சில் வரவில்லை. பந்து என்பதில் மாட்டிக்கொண்டு, உருண்டையாக இருக்குமே அது என்று கையால் காட்டினான். அவள் சிரிக்காமல் பந்து என்று எழுதிக்கொண்டாள், வாயால் சொல்லவில்லை. ஆட்டங்களுக்கு நடுவில் ஐஸ் வைத்தால் மோட்டார் ஆறுமா என்று கேட்டாள். ஆறும் என்றான். நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனாள்.

போனபிறகுதான் உறைத்தது. என்ன சொல்லித் தொலைத்தோம். அணியின் குடலை எடுத்துக் காட்டியாயிற்று. பந்து போடுவதில் சுமார் என்று சொல்லச் சொல்லி யார் கேட்டார்கள். ‘பா’ வரவில்லை, அதனால் வந்த வார்த்தையைச் சொன்னேன், பரோட்டாவுக்குப் பதில் இட்லி சொன்ன மாதிரி, இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று மனசு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. உட்கார விடவில்லை. நீங்களா நிறுத்தினீர்களா என்றுதானே கேட்டாள். ஆமாம் என்றால் முடிந்திருக்கும். ஆமாம் எளிது. வாழ்க்கை முழுக்கச் சொன்ன வார்த்தை, நாக்கின் நுனியிலேயே குடியிருக்கிற வார்த்தை, அதை விட்டுவிட்டு ஏன் இடது சக்கரத்துக்குப் போனான். அவள் காத்திருந்ததாலா. காத்திருக்கிற ஒருத்தருக்கு ஆமாம் என்று கொடுத்து அனுப்ப மனசு வரவில்லையா. அப்படி என்றால் இவ்வளவு நாளும் பொய் சொன்னது வாயா, மனசா. அவன் ஒரு தாளை எடுத்து, தான் எழுதியதை யாரோ எழுதிய மாதிரிப் படித்துப் பார்த்தான். ஒரு தவறும் இல்லை, ஒரு உண்மையும் இல்லை. அரங்கின் மேல்தட்டில் புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்தன. இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் இப்போது நடந்ததைச் சொல்ல ஒருத்தரும் இல்லை, சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்கா, அவளிடம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு திருப்புளியை எடுத்து எதையாவது இறுக்க ஆரம்பிப்பாள், அதுதான் அவள் அழுகிற விதம்.

அவர்கள் வந்தார்கள். அவனுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள் அக்கா. யாராவது வந்தாங்களா என்று கேட்டாள். வந்தாங்க என்றான். எந்த டீம் என்றாள், அவன் ஆம்பூர் என்றான். அவள் கண் விரிந்தது, பேப்பர் குடுத்தியா என்றாள். கொடுத்தான்தானே, ஆமாம் என்றான். மேலே சொல்ல வாயெடுத்தபோது அவள், படிச்சாங்களா என்று அவனுக்காக அடுத்த வார்த்தையை எடுத்து வைத்தாள், படித்ததும் உண்மைதான், அதற்கும் தலையாட்டினான், பேச்சு அந்தத் தலையாட்டலின் மேல் ஏறிப் போய்விட்டது. எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பாதியில் மடித்து வைத்தான். எல்லாரும் பார்வையாளர் மாடியில் போய் உட்கார்ந்தார்கள். கீழே எட்டு அணிகளின் தலைவர்களும் வரிசையாக நின்று ஒவ்வொருவராக ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அரங்கின் ஒரு மூலை வெடித்துக் கத்தியது, மற்ற மூலைகள் கைதட்டின. சாக்லேட் கொடுத்த சென்னை அணியை நான்காவது அணி கூப்பிட்டது, பார்த்தியாடா என்று மாரிச்செல்வம் சொன்னான். ஏழாவதாக ஆம்பூர். நிலோஃபர் இல்லை, அவர்கள் தலைவன், உயரமான பையன், ஈரோட்டு அணியைக் கூப்பிட்டான். பரஞ்சோதிக்கு ஏனோ மூச்சு லேசாயிற்று. அவ்வளவுதான், முடிந்தது, அவள் எழுதிக்கொண்டு போனதைக் காட்டியிருப்பாள், அவர்கள் அடித்துப் போட்டிருப்பார்கள், நியாயம்தான். இரண்டாவது சுற்று கடைசியிலிருந்து திரும்பி வந்தது. எட்டாவது அணி யாரையோ சொன்னது. அக்கா கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். ஆம்பூர்ப் பையன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, கோவில்பட்டி, கரிசல் என்றான்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவனுக்குக் கொஞ்சம் எட்டி நின்று பார்த்த மாதிரித்தான் இருந்தது. அக்கா படிகளில் இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கி ஓடினாள். மாரிச்செல்வம் அவனைக் கட்டிக்கொண்டு தூக்கினான். உன் பேப்பர்தான்ல, உன் பேப்பர்தான் என்று முதுகில் அடித்தான். சுடலைமுத்து சார், நான் சொன்னேன்ல நோட்டீஸ் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கீழே இடத்துக்கு வந்தபோது அக்கா ஒரு தாளை எடுத்து ரோபோவின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. அவன் தலையைப் பிடித்து ஆட்டி, “நான் போனதுக்கப்புறமும் உனக்குக் கவலையில்லல. நீ வாயே தொறக்க வேண்டாம், உன் பேப்பர் பேசிரும்” என்றாள். அதைவிட அன்பாக அவள் எதையும் சொன்னதில்லை. அது ஏன் ஒரு கதவைச் சாத்துகிற மாதிரி கேட்டது. பேப்பர் பேசவில்லை அக்கா, நான் பேசினேன், திக்கித் திக்கி, கண்ணை மூடி, பந்துக்குக் கையை உருட்டிக் காட்டி, ஆனாலும் நான்தான் பேசினேன் என்று உள்ளே வாக்கியம் முழுசாக, தடையில்லாமல் ஓடியது. வெளியே அவன் சிரித்தான். ஆளுக்கு ஒரு வேலையாய் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தன் பேட்டரி மாற்றினான், ஒருத்தன் போல்ட் இறுக்கினான். இந்தக் கூட்டத்தின் நடுவில், எல்லாரும் தன்னைப் பாராட்டிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில், பசுவந்தனை ரோட்டில் வெயிலில் நடந்தபோது இருந்ததைவிடத் தனியாக இருந்தான். அங்கே குறைந்தபட்சம் நடப்பது அவன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

நிலோஃபர் நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தாள். கையில் ஒரு பாலிதீன் பையில் ஐஸ். முதல் ஆட்டத்துல நீங்க ஒன்றரை நிமிஷம் எதிரி வழியை அடைச்சா போதும், அப்புறம் ஓரமா ஒதுங்கிடுங்க, பந்து நாங்க பார்த்துக்குறோம், இடது மோட்டார்ல இதை இப்பவே வச்சிடுங்க என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா பையை வாங்கவில்லை. மாரிச்செல்வத்தைத் திரும்பிப் பார்த்தாள், அவன் இரண்டு கையையும் விரித்தான். இடது மோட்டாரைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது என்று அக்கா கேட்டாள், குரல் இறங்கியிருந்தது. நிலோஃபர் பரஞ்சோதியைக் காட்டினாள். “இவர்தான். உள்ளதைச் சொன்ன டீம் இது ஒண்ணுதான். அதான் எங்க லிஸ்ட்ல உங்களை எடுத்து மேல வச்சேன்.” “இவனா? இவன் பேச...” என்ற அக்கா பாதியில் நின்றாள். போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். எல்லாருடைய கண்ணும் அவன் பக்கம் திரும்பியது. இத்தனை வருடம் கூட இருந்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் புதிதாக உட்கார்ந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். “என்ன சொன்ன?” என்றாள் அக்கா. கோபமா, வேறு ஏதாவதா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. அவன் தாள்கள் இருந்த மேசையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். சொல்ல வேண்டியதை எளிய எழுத்தில் தொடங்க வழி இருந்தது. அவன் அதைத் தேடவில்லை, ‘ப’விலேயே தொடங்கினான். உதடு ஒட்டிக்கொண்டது. காற்று வந்து முட்டியது. கண்ணை மூடாமல் நின்றான். எடுத்துக் கொடுப்பதற்காக அக்காவின் வாய் திறந்தது, திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்து, மூடிக்கொண்டது. ஐஸ் பையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. ஒலிபெருக்கியில் அவர்கள் அணியைக் களத்துக்கு அழைத்தார்கள், இரண்டாவது முறையும் அழைத்தார்கள். யாரும் நகரவில்லை.